தலைக்கு மேலே ஒரு தோசைக்கல்

மண் வீட்டைப் பற்றிப் பேசுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. அதில் பிறந்து வளர்ந்து, எப்போதடா இதை இடித்துவிட்டு மெத்தை வீடு கட்டுவோம் என்று காத்திருப்பவர்கள் ஒரு வகை. அந்த வீட்டைப் படம் பிடித்துக்கொண்டு போய், "ஆஹா, என்ன குளுமை, என்ன குளுமை!" என்று எழுதுபவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிப்பதால் வகுப்பில் இரண்டாம் வகை. திண்டிவனம் பக்கத்தில் மண் சுவரும் ஓட்டுக் கூரையும் உள்ள வீட்டில் வளர்ந்ததால் ஊரில் முதல் வகை.

வரும் தை மாதம் அந்த வீட்டை இடிக்கப் போகிறோம். கடன் வாங்கியாகிவிட்டது. அப்பா மேஸ்திரிக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். அதனால் கொஞ்ச நாளாக எனக்கு ஒரே யோசனை. பாரம்பரியப் பொருட்களை வைத்துக் குறைந்த செலவில், குறைந்த மின்சாரத்தில் குளுமையாக இருக்கும் வீடுகளைக் கட்டிப் பார்த்தவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் படிக்கும்போது புல்லரிக்கிறது. அந்தப் புல்லரிப்பில் எவ்வளவு எங்கள் வீட்டுக்கு உதவும்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் எதிர்க்கட்சியின் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். எதிர்க்கட்சித் தலைவர் எங்கள் ஆயா.

"மண்ணு வூடு குளுமதான் கண்ணு. நா இல்லன்னு சொல்லல. ஆனா மழைக்கு உள்ள நாலு குண்டான் வெச்சிட்டு ராத்திரி பூரா குந்திக்கினு இருந்தவளக் கேளு."

கேட்டேன். பட்டியல் நீண்டுகொண்டே போனது. மழைக்காலம் வருவதற்குள் வருஷா வருஷம் ஓடு மாற்ற வேண்டும். கூரை மேல் ஏறி ஓடு மாற்றத் தெரிந்த ஆள் இப்போது ஊரில் ஒரே ஒருவர்தான், அவருக்கும் முட்டி வலி. குரங்குக் கூட்டம் ஒருமுறை வந்து போனால் பத்து இருபது ஓடு காலி. உத்தரத்தில் கரையான். சுவர் ஓரத்தில் எலி வளை, எலியைத் தேடிப் பாம்பு. தரையை வாரா வாரம் சாணி போட்டு மெழுக வேண்டும், மழையில் கரைந்த சுவரைப் பொங்கலுக்கு முன் பூச வேண்டும். இந்த மெழுகுவதும் பூசுவதும் யார் வேலை? மண் வீட்டைப் புகழ்ந்து எழுதும் கட்டுரைகளில் இந்தக் கேள்வி வருவதே இல்லை. எங்கள் வீட்டில் அது ஆயா வேலை, பிறகு அம்மா வேலை. ஒரு நாளும் அப்பா வேலை இல்லை.

இதோடு கௌரவம் என்று ஒன்று இருக்கிறது. "ஊருல எல்லாரும் மெத்த கட்டிட்டான்" என்று அப்பா சொல்லும்போது அவர் சிமெண்டைப் பற்றிப் பேசவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது கூரையைத்தான். பல தலைமுறை கூரை வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட தெருக்களில், கான்கிரீட் தளம் என்பது வெறும் தளம் இல்லை. "இனிமேல் எங்களை அப்படிப் பார்க்காதே" என்று சொல்லும் ஒரு வாக்கியம் அது.

பயமும் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையல்கூடத்துத் தீ கீற்றுக் கூரையில் பற்றி 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையை அகற்றச் சொல்லி உத்தரவு வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் பக்கத்துக் குடிசைகள் என்ன ஆயின என்பதை ஆயா இன்றைக்கும் நேற்று நடந்தது மாதிரி சொல்வார். இதையெல்லாம் பார்த்த ஒருவரிடம் போய் "ஓலை இயற்கையான காப்புப் பொருள்" என்று பாடம் எடுக்க எனக்குத் தைரியம் கிடையாது.

அரசாங்கமும் மக்கள் பக்கம்தான் நின்றது. 2010-இல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றும் திட்டம் வந்தது, வீட்டுக்கு 75,000 ரூபாய். 2011-இல் பசுமை வீடுகள் திட்டம் வந்தது, 300 சதுர அடி வீடு, தொடக்கத்தில் 1,80,000 ரூபாய், கூடவே சூரிய சக்தி விளக்குகள். 2024-இல் கலைஞரின் கனவு இல்லம். 2030-க்குள் 8 லட்சம் வீடுகள், வீட்டுக்கு 3,50,000 ரூபாய், 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் என்று அறிவித்தார்கள். ஆட்சி மாறினாலும் கூரை மாறவில்லை. எல்லாமே கான்கிரீட் தளம்.

இவற்றில் பசுமை வீடு எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம். விளக்கெரிக்கச் சூரியனைப் பிடித்து வந்தார்கள். அதே சூரியன் தளத்தைக் காய்ச்சி வீட்டுக்குள் இறங்குவதைத் தடுக்க, விளக்குக்கு இருந்த அக்கறை கூரைக்கு இல்லை. பெயர் மட்டும் பசுமை.

சரி, இந்தக் காய்ச்சுவது என்றால் என்ன? கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், பெருக்கல் மட்டும்தான் :)

ஒரு கூரையின் வழியாக வெப்பம் எவ்வளவு சுலபமாகக் கடக்கிறது என்பதை யூ மதிப்பு என்ற எண்ணால் சொல்வார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் உள்ளே வருகிறது என்பதுதான் அது. எண் பெரிதானால் வீடு சூடு. நாலு அங்குலம், ஐந்து அங்குலம் கனமுள்ள வெறும் கான்கிரீட் தளத்துக்கு இந்த எண் 3-ஐத் தாண்டிவிடும். 300 சதுர அடி என்றால் ஏறக்குறைய 28 சதுர மீட்டர். சித்திரை வெயிலில் தளத்தின் வெளிப்பக்கம் அறையைவிட 20 டிகிரி அதிகம் என்று வைத்துக்கொள்வோம். 3 × 20 × 28 = 1,680 வாட். அதாவது இரண்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி நடுக்கூடத்தில் நிறுத்திவைத்த மாதிரி. அதற்குக் கீழே ஒரு மின்விசிறி சுற்றி என்ன பயன்? சூடான காற்றை எடுத்து நம் முகத்திலேயே அடிக்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. மதியம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் உடனே கொடுக்காது. சில மணி நேரம் வைத்திருந்து, நாம் வேலை முடித்து வந்து பாயை விரிக்கும் நேரத்தில் கொடுக்கும். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் சுடுகிற மாதிரி. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள விடுதி அறையில் மே மாதம் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது 2024 அக்டோபரில். ஏழை வீட்டில் அந்த வெப்பம் பெரும்பாலும் கூரை வழியாகத்தான் உள்ளே இறங்குகிறது.

இதற்குச் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித் தொகுப்பு, கூரையின் யூ மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. மேலே போட்ட கணக்கில் 3-க்குப் பதில் 1.2 போட்டால் 672 வாட். பாதிக்கும் கீழே! ஆனால் அந்த விதி பெரிய மனைகளில் எழும் குடியிருப்புகளுக்காக எழுதப்பட்டது. குளிர்சாதனம் வைத்துக்கொள்ள வசதி உள்ளவர்களுக்குக் கூரை விதி உண்டு, மின்விசிறியை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு இல்லை.

இப்போது பரிசோதனைக்காரர்களைப் பார்ப்போம்.

முதல் ஆள் எகிப்தைச் சேர்ந்த ஹசன் ஃபாத்தி. 1900-இல் பிறந்து 1989-இல் இறந்தவர். இந்தத் துறையில் இவர் பெயரைச் சொல்லாமல் யாரும் ஆரம்பிப்பதில்லை. 1964-இல் கெய்ரோவில் உள்ள கட்டட ஆராய்ச்சி மையத்தின் வளாகத்தில் சில சிறிய சோதனைக் கட்டடங்களைக் கட்டி அளந்து பார்த்தார்கள். ஒன்றில் 50 செ.மீ. கனமுள்ள சுடாத மண் செங்கல் சுவர், மேலேயும் மண் செங்கல் வளைகூரை. இன்னொன்றில் சுவரும் கூரையும் 10 செ.மீ. கான்கிரீட் பலகை. மண் அறையின் உள்ளே 24 மணி நேரத்தில் வெப்பநிலை 2 டிகிரிக்கு மேல் ஏறி இறங்கவில்லை. கான்கிரீட் அறை 36 டிகிரி வரை போனது. மண் அறையைவிட 13 டிகிரி அதிகம், வெளியில் இருந்த காற்றைவிட 9 டிகிரி அதிகம். வீட்டுக்குள் இருப்பதைவிடத் தெருவில் நிற்பதே மேல் என்று அர்த்தம்.

இந்த அளவீட்டை மண்ணின் வெற்றியாகத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டது. 50 எங்கே, 10 எங்கே? ஐந்து மடங்கு கனம். ஜெயித்தது மண் மட்டும் இல்லை, மண்ணும் கனமும் சேர்ந்து ஜெயித்தது. நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். பழைய மச்சு வீடுகளில் மரக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் ஊற்றி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். அது குளுமையாக இருந்ததற்குச் சுண்ணாம்பும் காரணம், கனமும் காரணம். இன்றைக்கும் கான்கிரீட் தளத்தின் மேல் செங்கல் ஜல்லி போட்டுத் தட்டோடு பதிக்கிறார்களே, அது அந்த மெட்ராஸ் டெரஸின் மிச்சம்தான். கையில் காசு குறைந்தால் முதலில் வெட்டப்படுவதும் அந்த மிச்சம்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எகிப்தில் பகல் கொதிக்கும், இரவு நன்றாகக் குளிரும். மண் சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் வெளியே விட்டுவிடும். நம் கடற்கரைப் பக்கத்தில் இரவும் புழுக்கம்தான். எனவே அங்கே வேலை செய்ததை அப்படியே பெயர்த்து எடுத்து வந்து சென்னையில் வைத்தால் அதே பலன் கிடைக்காது. இங்கே காற்று ஓட வேண்டும். தாழ்வாரம், முற்றம், எதிரெதிர் ஜன்னல், ஓட்டு இடுக்கு எல்லாம் அதற்காகத்தான் இருந்தன.

ஃபாத்தியின் வாழ்க்கையில் பெரிய பாடம் வேறொன்று. 1945-இல் அவரிடம் ஒரு பெரிய வேலை வந்தது. லக்சோர் அருகே பழங்காலக் கல்லறைகளின் மேல் குடியிருந்த கூர்னா கிராமத்து மக்களை வேறு இடத்துக்கு மாற்ற, சுமார் 900 குடும்பங்களுக்கு ஒரு புதிய கிராமம் கட்ட வேண்டும். அஸ்வான் பக்கத்து நூபியக் கொத்தனார்களை வரவழைத்தார். சாரமோ சென்ட்ரிங்கோ இல்லாமல், மண் செங்கல்லைச் சாய்த்துச் சாய்த்து ஒட்டியே வளைகூரை கட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். மரம் கிடைக்காத நாட்டில் அது மாயாஜாலம் மாதிரி. சந்தை, மசூதி, அரங்கம் எல்லாம் எழுந்தன. ஆனால் மக்கள் வரவில்லை. கல்லறைகளை ஒட்டி இருந்த பிழைப்பை விட்டுவர அவர்களுக்கு மனமில்லை. அந்தக் குவிமாடங்கள் சமாதிகளை நினைவுபடுத்தின என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1948 வாக்கில் வேலை பாதியில் நின்றது.

ஏழைகளுக்காகக் கட்டிய உலகப் புகழ்பெற்ற மண் கிராமம். அந்த ஏழைகள்தான் அதை வேண்டாம் என்று சொன்னார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஆயா ஞாபகம்தான் வந்தது.

ஃபாத்தியின் பெயர் எங்கள் ஊருக்கு ரொம்பப் பக்கத்திலும் இருக்கிறது. 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கிய ஆரோவில்லில், 1989-இலிருந்து ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் மண் கட்டடங்களைப் பரிசோதித்து வருகிறது. அங்கே உள்ள பார்வையாளர் மையத்துக்கு 1992-இல் கிடைத்த விருதின் பெயரே 'ஏழைகளுக்கான கட்டடக்கலைக்கான ஹசன் ஃபாத்தி விருது'. எங்கள் பக்கத்துச் செம்மண்ணைச் சலித்து, சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து, கையால் இயக்கும் அழுத்து இயந்திரத்தில் கல்லாக்கி, சூளையில் சுடாமல் ஈரத்தில் பதப்படுத்தி அடுக்குகிறார்கள். சூளை இல்லை என்பதால் விறகு இல்லை, புகை இல்லை. சிமெண்ட் தயாரிப்பு மட்டுமே உலகத்தின் கரியமில வாயு வெளியேற்றத்தில் 7, 8 சதவீதம் என்பதை நினைத்தால் இந்தச் சிக்கனத்தின் அருமை புரியும்.

வகுப்போடு ஒருமுறை போயிருந்தேன். வளைகூரையின் கீழே நின்றால் சத்தமே அடங்கிப்போகிறது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. அங்கே வேலை பார்த்துத் தொழில் கற்றுக்கொண்ட கொத்தனார் ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். மண் கல்லில் வளைவு கட்டுவதில் மனிதர் கில்லாடி. அவர் தன் சொந்த வீட்டைக் கட்டியது கான்கிரீட்டில். ஏன் என்று கேட்டதற்கு, "அந்த மிஷின் நம்ம ஊருல ஏது? வளைவு மேல இன்னொரு மாடி எழுப்ப முடியுமா? நாளைக்குப் பையனுக்குக் கல்யாணம் ஆனா மேல ரூம் வேணாமா?" என்றார். எங்கள் ஊரில் தளம் என்பது கூரை மட்டும் இல்லை, அடுத்த தலைமுறையின் தரை. நெல் காயப்போடும் களம். கம்பியை நீட்டி விட்டுவைப்பது எதற்கு? என்றைக்காவது எழும்பும் என்ற நம்பிக்கைக்குத்தான். வளைகூரை எவ்வளவு குளுமையாக இருந்தாலும் அந்த நம்பிக்கைக்கு அதில் இடம் இல்லை.

அப்படியானால் மக்கள் ஏற்றுக்கொண்ட கூரையை வைத்துக்கொண்டே யாராவது பரிசோதனை செய்திருக்கிறார்களா? எனக்குத் தெரிந்து இரண்டு பேர்.

ஒருவர் புர்கினா ஃபாஸோ நாட்டைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் கெரே. காண்டோ என்ற சின்னக் கிராமத்தில் பிறந்து, பெர்லினில் கட்டடக்கலை படிக்கும்போதே நிதி திரட்டித் தன் ஊரில் 2001-இல் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். ஆமாம், மாணவராக இருக்கும்போதே! (நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று கேட்காதீர்கள்.) மழை வந்தால் மண் கரையுமே என்று ஊர்க்காரர்கள் முதலில் நம்பவில்லை. அவர் மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் சேர்த்து அழுத்திய கல்லில் சுவர் எழுப்பினார். கூரைக்குத் தகரம். தகரம் என்றால் அடுப்புதானே? அதை அறையின் மேல் நேராகப் போடவில்லை. முதலில் இடைவெளி விட்டு அடுக்கிய மண் கல்லால் ஓர் உள்கூரை. அதற்கு மேலே கம்பிகளை வளைத்துச் செய்த தாங்கிகளின் மேல் தகரத்தைத் தூக்கி நிறுத்தினார். அறையின் சூடான காற்று கல் இடுக்குகளில் மேலே ஏறும், இரண்டு கூரைக்கும் நடுவில் ஓடும் காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். மழையைத் தகரம் பார்த்துக்கொள்ளும். 2004-இல் ஆகா கான் விருது, 2022-இல் பிரிட்ஸ்கர் பரிசு. அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்தான்.

"தகரம் கெட்டது, மண்ணுக்குத் திரும்பு" என்று அவர் ஊர்க்காரர்களிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். தகரத்துக்கு என்ன வேலை, மண்ணுக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுத்தார்.

இன்னொருவர் நம் பக்கத்து மாநிலத்தில் வாழ்ந்தவர். லாரி பேக்கர். 1917-இல் பர்மிங்காமில் பிறந்து, 1940களில் இந்தியாவுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். 2007 ஏப்ரல் 1 அன்று திருவனந்தபுரத்தில் காலமானார். அந்த ஊரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் அவருடைய பெரிய வேலைகளில் ஒன்று. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்து, நடுவில் பொந்து விட்டுக் கட்டும் 'எலிப்பொறி' முறையை இங்கே பரப்பியவர் அவர்தான். செங்கல்லில் கால்வாசி மிச்சம், நடுவில் உள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கும். ஆனால் என்னைக் கவர்ந்தது அவர் போட்ட தளம். ஃபில்லர் ஸ்லாப்.

விஷயம் ரொம்ப எளிமை. கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. தளத்தின் நடுப்பகுதியில் மேல் பாதி அழுத்தப்படும், கீழ்ப் பாதி இழுபடும். கீழே இழுப்பைத் தாங்குவது கம்பிதான். அங்கே இருக்கும் கான்கிரீட்டின் வேலை கம்பியைப் பிடித்துக்கொள்வது மட்டும். மற்றபடி தண்டச் சுமை. அந்தச் சுமையை எடுத்துவிட்டு, கம்பிகளுக்கு நடுவே உள்ள கட்டங்களில் பழைய சீமை ஓட்டை இரண்டிரண்டாக ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து வைத்து, மேலே கான்கிரீட் போட்டால் அதுதான் ஃபில்லர் ஸ்லாப். ஓரங்களில் மட்டும் முழுக் கான்கிரீட். சிமெண்ட் குறையும், எடை குறையும், எடை குறைந்தால் கம்பியும் குறையும். இரண்டு ஓட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட காற்று வெப்பத்துக்குத் தடுப்பு. வெளியில் இருந்து பார்த்தால்? சாதாரண மெத்தை வீடு! மேலே மாடி எழுப்பலாம், நெல் காயப்போடலாம், பெண் பார்க்க வருகிறவர்களிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

நான் இதை வீட்டில் சொன்னதும் அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார். "எந்த ஓடு?" என்று கேட்டார்.

"நம்ம வீட்டு ஓடுதாம்பா. இடிச்சா எப்படியும் சும்மாதானே போகும்."

நாற்பது வருஷமாக எங்கள் தலைக்கு மேல் இருந்த ஓடுகள். மழையில் ஒழுகியதாக ஆயா திட்டிய அதே ஓடுகள். மேஸ்திரிக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. "தளத்துக்குள்ள ஓட்டப் போட்டா நாளைக்கு வெடிச்சா யாரு பதில் சொல்றது?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவர் பெயரை நம்பித்தான் ஊரில் அடுத்த வேலை வரும். வகுப்பில் கட்டமைப்புப் பாடம் எடுக்கும் பேராசிரியரிடம் வரைபடத்தைக் காட்டி, கம்பி இடைவெளியைக் கணக்குப் போட்டுச் சரிபார்த்து எடுத்துப் போனேன். ஓடுகளைப் போடுவதற்கு முன் நன்றாக ஊறவைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும் என்று நான் சொன்னபோதுதான் அவர் முகம் கொஞ்சம் மாறியது. செங்கல்லை நனைக்காமல் வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? தனக்குத் தெரிந்த வேலைதான் இது என்று அப்போதுதான் பட்டிருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு சமரசம். கூடத்துக்கு மட்டும் ஓடு வைத்த தளம். பக்கத்து அறைக்கு எப்போதும் போடுகிற தளம். சுவர் சூளைச் செங்கல்தான், அதில் நான் தோற்றேன். ஆனால் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் தட்டோடும் நிச்சயம் உண்டு, கடன் எவ்வளவு இறுக்கினாலும் அதை வெட்டுவதில்லை என்று அப்பா ஒத்துக்கொண்டார். அதன் மேல் வருஷத்துக்கு ஒரு முறை வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது என் பொறுப்பு. ஓடு மட்டும் வைத்தால் 1.2-க்கு வந்துவிடாது. ஜல்லி, வெள்ளை, நிழல் எல்லாம் சேர்ந்தால்தான் அந்தப் பக்கம் போக முடியும்.

நிழலுக்கு என்ன செய்வது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது வழி சொன்னது ஆயாதான். "கூர மேல பூசணி ஏத்துவோமே, அது மாதிரி மெத்த மேல பந்தல் போட்டுப் பீர்க்கங்கொடி ஏத்திவுடு. வெயிலும் தெரியாது, கொழம்புக்கும் ஆச்சு." கெரே தகரத்தைத் தூக்கி நிறுத்தியதும் ஆயா பந்தல் போடச் சொன்னதும் ஒரே தத்துவம்தான். வெயில் வேறொன்றின் மேல் விழட்டும், நடுவில் காற்று ஓடட்டும். அதனால்தான் சொல்கிறேன், பாரம்பரியம் என்பது பொருளில் மட்டும் இல்லை. மண்ணையும் ஓலையையும் விட்டு வந்தவர்களிடமும் அது இருக்கிறது. அவர்களைத் திரும்பிப் போகச் சொல்லாமல், அவர்கள் விரும்பி வந்து சேர்ந்த தளத்துக்குள் அந்த அறிவை எப்படிக் கொண்டுவருவது என்று பார்ப்பதுதான் நம்மைப் போலப் படிக்கிறவர்களின் வேலை. லட்சக் கணக்கில் தளங்கள் போடப்படும் மாநிலத்தில், ஒரு தளத்தில் ஏற்படும் சின்ன மாற்றம் சின்ன மாற்றம் இல்லை.

ஒரே வீடு, ஒரே சுவர், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு விதமான தளம். ஆராய்ச்சிக்கு இதைவிட நல்ல வசதி யாருக்குக் கிடைக்கும்? இரண்டு அறைக்கும் ஒவ்வொரு வெப்பமானி வாங்கி வைத்துவிட்டேன். சித்திரை வரட்டும், இரண்டு அறையிலும் மணிக்கு ஒரு முறை அளந்து எண்களை எழுதுகிறேன். ஆயாவிடம் வெப்பமானி எதுவும் கிடையாது. ஆனால் அவர் எந்த அறையில் பாயை விரிக்கிறார் என்பதையும் தவறாமல் குறித்துக்கொள்வேன்.